சனிக்கிழமை மேசைக்குச் சம்பளம் கேட்கலாமா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 26. இடம் கொக்குவில். 2020 ஊரடங்கு நேரம், வெளிநாட்டிலிருந்து மச்சான் ஒருவர் அனுப்பிய புத்தகத்தை வைத்து நாங்கள் ஐந்து பேர் ரோல்பிளே (மேசையைச் சுற்றி இருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை ஆடும் விளையாட்டு) விளையாடத் தொடங்கினோம். பிறகு யாழ்ப்பாணத்திலேயே ஒரு சின்னப் பதிப்பகம் தமிழில் அப்படியொரு விளையாட்டை வெளியிட்டது. வன்னிக் காடு, பாக்குநீரிணை, பழைய துறைமுகங்கள் என்று எங்கட இடங்களே களம். எனக்கு அது பைத்தியமாகிவிட்டது. சனிக்கிழமைகளில் வாசிகசாலை மண்டபத்தில் புதுப்பிள்ளைகளுக்கு ஆட்டம் நடத்தினேன். மூன்று கதைக்களங்கள் எழுதிக் கொடுத்தேன். முதல் புத்தகத்தில் அவை வந்தன, என் பெயர் வரவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் உரிமையாளர் (நாங்கள் எல்லாரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம்) "நீ செய்யிறதைத்தானே செய்யப் போறாய், சம்பளத்தோட செய்" என்று வேலைக்கு எடுத்தார். ஐந்து பேர் வேலை செய்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை எட்டரையிலிருந்து ஐந்தரை. நியமனக் கடிதம் இல்லை. சம்பளம் 48,000 ரூபா, மூன்று மாதமாகப் பாதி பாதியாக வருகிறது. சனிக்கிழமை மூன்று மணியிலிருந்து எட்டு மணிவரை மேசை, அதாவது மண்டபத்தில் ஆட்டம். இரவு 11 மணிக்கும் "அக்கா, ஒரு டவுட்" என்று செய்தி வரும். இதெல்லாம் "உனக்கு விருப்பமானதுதானே" என்ற கணக்கில் போகிறது.

இப்போது இரண்டாம் புத்தகம். இரசிகர்கள் எழுதிய 14 கதைக்களங்கள் அதில் சேர்கின்றன. அவர்கள் எழுதியதும் இனி எழுதப்போவதும் பதிப்பகத்துக்கே சொந்தம் என்று ஒரு படிவம் தயாராகியிருக்கிறது. "ஒண்டும் மாறேல்ல, சும்மா ஒரு ஃபோர்மலிட்டி எண்டு நீயே சொல்லு. நீ சொன்னா நம்புவினம்" என்கிறார் அண்ணா. பழைய கூட்டாளிகளோ என்னைக் "கொம்பனி ஆள்" என்கிறார்கள். விஷயத்தை அவர்களுக்கு இரகசியமாகச் சொல்லிவிடவா? அல்லது வேலையை விட்டுவிட்டுப் பழையபடி இரசிகையாகவே இருந்துவிடவா?

— பெயர் வேண்டாம், கொக்குவில்

பதில்:

பிள்ளை, உங்கள் கூட்டாளிகள் சொல்வதில் பிழை இல்லை. நீங்கள் கொம்பனி ஆள்தான். இரண்டு வருடமாக அந்தச் சம்பளத்தில் சாப்பிடுகிறீர்கள். அவர்கள் அதை ஏச்சாகச் சொல்கிறார்கள், நீங்களும் ஏச்சாக வாங்கிக்கொள்கிறீர்கள். அதனால்தான் மற்ற எல்லாம் சிக்கலாகிறது. நல்லூரில் தேர் அன்று வடம் பிடிக்க எத்தனை ஆயிரம் பேர் வருகிறார்கள்! ஒருவருக்கும் கூலி இல்லை, ஒருவரும் கேட்பதுமில்லை. அதே தேருக்கு முன்னால் தவில் அடிக்கிறவருக்குப் பேசிய காசு கொடுக்க வேண்டும். அவருக்கு முருகனில் பக்தி குறைவு என்று யாரும் சொல்வதில்லை. நீங்கள் வடத்தை விட்டுவிட்டுத் தவிலைத் தோளில் மாட்டியவர். ஆனால் இன்னும் வடம் பிடிக்கிறவரின் கணக்கிலேயே உங்களை நடத்துகிறார்கள். நீங்களும் அப்படித்தான் உங்களை நினைக்கிறீர்கள்.

இந்த விளையாட்டைத் தெரியாத வாசகர்களுக்கு இரண்டு வரி. ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார், அவரைக் கேம் மாஸ்டர் என்பார்கள். எங்கட நாட்டுக்கூத்து அண்ணாவியாரை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட வரும். வித்தியாசம், கூத்துக்கு முழு ஏடு உண்டு. இங்கே ஏடு பாதி, தாயக்கட்டை பாதி. நாலு முகத்திலிருந்து இருபது முகம் வரையான கட்டைகள். எங்கள் வீட்டுப் பெடியன் ஒருவனின் மேசையில் என்னையும் ஒருநாள் இருத்தினார்கள். பருத்தித்துறைக் கள்ளத்தோணிக்காரனாக இருபது நிமிடம் உயிரோடு இருந்தேன். பிறகு ஒரு 1 விழுந்தது. நீதிமன்றத்தில் இருபத்தைந்து வருடம் வாதாடியவனுக்கு அந்தத் தோல்வி இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது.

விஷயத்துக்கு வருவோம். உங்கள் பதிப்பகத்தில் நடப்பது யாழ்ப்பாணத்துக்கே உரிய நோய் இல்லை. இந்தத் தொழில் பிறந்ததே இப்படித்தான். அமெரிக்காவின் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊரில் 1968இல் கேரி கைகாக்ஸ் விளையாட்டுப் பிரியர்களைக் கூட்டி ஒரு சந்திப்பு நடத்தினார். ஜென் கான் என்று அது இன்றுவரை நடக்கிறது. அவரும் டான் கேயும் சேர்ந்து டிஎஸ்ஆர் என்ற கொம்பனியைத் தொடங்கியது அதற்கு ஐந்து வருடம் கழித்து, 1973இல். அந்தக் கொம்பனியின் ரோல்பிளே விளையாட்டான டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் 1974இல் வந்தது, முதற்பதிப்பு 1,000 பெட்டிகள். ஆகவே இங்கே இரசிகர் கூட்டம் மூத்த பிள்ளை, கொம்பனி இளைய பிள்ளை. மூத்ததின் உழைப்பை இளையது வாங்கிக்கொள்வது வீட்டு வழக்கமாகவே போய்விட்டது.

அதே விளையாட்டை கைகாக்சோடு சேர்ந்து உருவாக்கியவர் டேவ் ஆர்னெசன். பிறகு வந்த "அட்வான்ஸ்ட்" பதிப்புப் புத்தகங்களில் கைகாக்ஸின் பெயர் மட்டும் இருந்தது, ஆர்னெசனுக்கு அதற்கான உரிமைப்பணம் போகவில்லை. 1979இல் வழக்கு. 1981இல் சமரசம். ஒரே மேசையில் ஒன்றாகக் கட்டை உருட்டிய இரண்டு பேர் சட்டத்தரணிகள் மூலம் கதைக்க வேண்டி வந்தது. இந்தத் துறைக்கு வருகிற எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொல்வேன். அவர்களுக்குள் ஆரம்பத்திலேயே பகை இருந்ததென்று நினைக்க வேண்டாம். பெயரும் பங்கும் எப்படி என்பது வளர வளரத் தாங்கும் அளவுக்கு எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

என் கதையும் ஒன்று உண்டு. 1991இல், பத்தொன்பது வயதில், ஒரு சஞ்சிகையில் புரூப் பார்த்தேன். பொருளாதாரத் தடைக் காலம். பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகும். இரவு போத்தல் விளக்கு வெளிச்சத்தில் எழுத்தெழுத்தாகப் பார்ப்பேன். அந்தச் சஞ்சிகையின் மீது எனக்கு அப்படியொரு மோகம். பதினான்கு மாதம் ஒரு சதம் வாங்கவில்லை. "எங்கட பிள்ளை" என்பார்கள், எனக்குக் குளிர்ந்துபோகும். ஆண்டு மலர் வந்தபோது உதவியவர்கள் பட்டியலில் பேப்பர் கட்டிக்கொண்டு வந்த சைக்கிள்காரர் பெயரும் இருந்தது, என் பெயர் இல்லை. கோபத்தில் போவதை நிறுத்திவிட்டேன். பல வருடம் கழித்து ஆசிரியரை ஒரு கலியாண வீட்டில் கண்டபோது மெல்லச் சொன்னேன். மனுசன் உண்மையாகவே திகைத்துப் போனார். "நீ ஒருநாளும் கேட்கேல்லையே தம்பி. உனக்கு அது விருப்பம் எண்டல்லோ நாங்கள் நினைச்சம்" என்றார். நான் இன்றும் அவரைக் குறை சொல்வதா என்னைக் குறை சொல்வதா என்று தீர்மானிக்கவில்லை. ஆனால் உங்கள் அண்ணா கெட்டவர் என்று கடிதத்தை வைத்து எனக்குப் படவில்லை. கேட்கப்படாத ஆள் என்றுதான் படுகிறது.

ஆகவே கேட்கப் பழகுவோம். கேட்பதற்கு முன் கணக்கு.

நியமனக் கடிதம் இல்லாததால் நீங்கள் ஊழியர் இல்லை என்று ஆகாது. மாதச் சம்பளம், நேரம், இடம், சொல்கிற வேலை எல்லாம் இருக்கிறது. வங்கிக் கணக்கில் வந்த காசும் தொலைபேசியில் வந்த கட்டளைகளும் சாட்சி. 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் கடிதம் கொடுக்கச் சொல்கிறது. அதே சட்டப்படி சாதாரண வேலைநேரம் நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். உங்கள் நேரத்தைக் கூட்டிப் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலத்தைக் கழித்தால் வார நாட்களில் 40. சனிக்கிழமை மேசை 5. சரியாக 45. இது உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம். சனிக்கிழமைக்கென்று தனியாக மேலதிகக் காசு கேட்க இந்தக் கணக்கில் இடம் குறைவு. ஆனால் மறுபக்கம் பாருங்கள். சனிக்கிழமை எட்டு மணிக்கு நீங்கள் கட்டைகளைப் பையில் போடும்போது உங்கள் வாரம் முடிந்துவிட்டது. அதற்கு மேல் வருகிற ஒவ்வொரு "அக்கா, ஒரு டவுட்" உம் மேலதிக நேரம், ஒன்றரை மடங்குக் காசு. அது மட்டுமில்லை, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு உங்கள் உரிமை. சனி பின்னேரம் மேசையில் போகிறதென்றால் அந்த அரைநாள் வேறெங்காவது வர வேண்டும். திங்கள் காலையைக் கேளுங்கள். காசாகக் கேட்பதைவிட அண்ணாவுக்குக் கொடுக்க இலகு, உங்களுக்கும் நித்திரை கிடைக்கும்.

அடுத்தது சேமலாப நிதி. கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. கட்டப்படவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். ஒரேயொரு ஊழியர் இருந்தாலும், முதல் நாளிலிருந்தே கட்ட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். 48,000க்கு மாதம் 11,040 ரூபா. 24 மாதத்துக்கு 264,960 ரூபா. ஐந்து பேருக்கும் சேர்த்தால் அண்ணா கதிரையைப் பிடித்துக்கொண்டு இருப்பார். பிந்தப் பிந்த மேலதிகக் கட்டணமும் ஏறும், 50 வீதம் வரை. இதை மிரட்டலாகச் சொல்ல வேண்டாம். இப்போது தொடங்கினால் தாங்கக்கூடிய கடன், தொழில் திணைக்களத்திலிருந்து ஒருவர் வந்து தொடக்கினால் தாங்க முடியாத கடன் என்று சொல்லுங்கள். உண்மையும் அதுதான்.

சம்பளம் ஏன் பாதி பாதியாக வருகிறது என்பதையும் ஊகிக்க முடிகிறது. இந்தத் தொழிலில் புத்தகம் அச்சாகுமுன்னே வாசகர்களிடம் காசு வாங்குவது வழக்கம். அப்படிக் காசு சேர்க்கும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத்தளத்தில் இலங்கையிலிருந்து நேரே திட்டம் போட முடியாது. ஆகவே ரொறன்ரோவிலோ லண்டனிலோ யாரோ ஒருவரின் பெயரில் காசு சேரும், அங்கிருந்து துண்டு துண்டாக வரும், ஓவியருக்கும் தாளுக்கும் அச்சகத்துக்கும் போகும், கடைசியில் மிஞ்சியது சம்பளம். உங்கள் பதிப்பகத்திலும் இதுதானா என்று கேளுங்கள். பொறுத்துக்கொள்வதா இல்லையா என்பதை அதற்குப் பிறகு நீங்களே தீர்மானிக்கலாம். தெரியாமல் பொறுப்பது வேறு.

இனி அந்தப் படிவம். உங்கள் கடிதத்தில் உண்மையான முள் இதுதான்.

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸை 1997இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற விளையாட்டுக் கொம்பனி வாங்கியது, 1999இல் பெரிய பொம்மைக் கொம்பனியான ஹாஸ்ப்ரோ விசார்ட்ஸையே வாங்கியது. 2000இல் அவர்கள் ஒரு திறந்த உரிமம் வெளியிட்டார்கள். யாரும் அந்த அடிப்படை விதிகளை எடுத்துத் தங்கள் புத்தகத்தைப் போடலாம், விற்கலாம். இருபது வருடத்துக்கு மேல் அதை நம்பி எத்தனையோ சின்னப் பதிப்பகங்கள் வளர்ந்தன. 2023 ஜனவரி தொடக்கத்தில், அதை மாற்றும் வரைவு ஒன்று வெளியே கசிந்தது. ஆண்டுக்கு 750,000 டொலருக்கு மேல் விற்பவர்கள் பங்கு கட்ட வேண்டும், மற்றவர்கள் எழுதியதை விசார்ட்ஸ் காசில்லாமல் என்றென்றைக்கும் பயன்படுத்தலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. ஆட்கள் கொம்பனியின் இணையச் சேவைக்குக் கட்டிய சந்தாவை நிறுத்தினார்கள். கருத்துக் கேட்டபோது 15,000 பேருக்கு மேல் எழுதினார்கள். ஜனவரி 27ஆம் திகதி கொம்பனி முழுதாகப் பின்வாங்கி, அடிப்படை விதிகள் அடங்கிய 400 பக்க ஆவணத்தைக் கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. பெரிய கொம்பனி தாங்கிக்கொண்டது. ஐந்து பேர் உள்ள பதிப்பகம், அதன் இரசிகர்களே அதன் எழுத்தாளர்களும் வாங்குபவர்களும் என்றிருக்கும்போது, அப்படி ஒரு மாதத்தைத் தாங்குமா?

அப்படியான நாட்களில் கோபம் யார்மீது விழும் தெரியுமா? முடிவெடுத்தவர்களை ஆட்களுக்குத் தெரியாது. முகம் தெரிந்த ஊழியர்களைத் தெரியும். உங்கள் மண்டபத்தில் அந்த முகம் உங்களுடையது. "நீ சொன்னா நம்புவினம்" என்று அண்ணா சொல்வதை நான் பாராட்டாக வாசிக்கவில்லை. வாசிகசாலையில் வருடக்கணக்காக நீங்கள் சேர்த்த நம்பிக்கையை ஒரே நாளில் செலவழிக்கச் சொல்கிறார். அது அவருடைய காசு இல்லை.

எங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். ஒரு விளையாட்டின் யோசனைக்கோ முறைக்கோ பதிப்புரிமை இல்லை. கட்டை உருட்டி 15க்கு மேல் விழுந்தால் தோணி கரை சேரும் என்ற விதியை ஒருவரும் பூட்டி வைக்க முடியாது. அதை எழுதிய சொற்களுக்கும் படங்களுக்கும் கதைக்கும்தான் உரிமை. ஊழியர் தன் வேலையின் பகுதியாக எழுதினால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இல்லாவிட்டால், பொருளாதார உரிமை முதலாளிக்கு. ஆனால் அந்தப் 14 கதைக்களங்களை எழுதிய இரசிகர்கள் ஊழியர்கள் இல்லை. அவர்கள் எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை அந்தக் கதைக்களங்கள் அவர்களுடையவை. ஆகவே படிவம் வந்தால் நிறைய மாறுகிறது. "ஒண்டும் மாறேல்ல" என்பது பொய். நல்ல நோக்கத்தில் சொன்னாலும் பொய்.

உங்களுடைய அந்த மூன்று கதைக்களங்களும் வேலையில் சேரமுன் எழுதியவை. அவையும் உங்களுடையவை. பெயர் போடும்படி கேட்கும் உரிமை தனி. பொருளாதார உரிமையை யாருக்கு விற்றாலும் அது ஆசிரியரோடுதான் இருக்கும். முதல் புத்தகத்தின் அடுத்த அச்சில் உங்கள் பெயர் வர வேண்டும் என்று இப்போதே எழுதிக் கேளுங்கள். இதற்குக் காசு செலவில்லை, ஒரு வரி. அண்ணாவோடு தொடங்க இதைவிடச் சுகமான இடம் இல்லை. ஒரு நியாயத்தை இலகுவாகச் செய்து பார்த்தவருக்கு அடுத்ததைச் செய்வது அவ்வளவு கஷ்டமாக இராது. இருபத்தைந்து வருட அனுபவத்தில் சொல்கிறேன், சட்டப் புத்தகத்தில் இது இல்லை.

இரகசியமாகக் கூட்டாளிகளுக்குச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். வேலையில் உங்களை நம்பித் தந்த ஆவணம் அது. 2023இல் கசிந்ததால் நன்மைதானே நடந்தது என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம், கேள்வி நியாயம்தான். ஆனால் அங்கே வரைவு கொம்பனிக்கு வெளியே பல கைகளுக்குப் போயிருந்தது. உங்கள் அலுவலகத்தில் ஐந்து பேர். கசிந்த மறுநாளே யார் என்று எல்லாருக்கும் தெரியும். அதைவிட, இன்னும் அண்ணாவோடு நேரே கதைக்கவில்லையே? நேர்வழி திறந்திருக்கும்போது வேலியால் பாயக் கூடாது. அதே நேரம் பொய்யும் சொல்லக் கூடாது. மேசையில் யாராவது கேட்டால், "புதுப் படிவம் ஒண்டு வருது. அதைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் அனுமதி இல்லை. கையில் கிடைச்சதும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதேங்கோ" என்று சொல்லலாம். ஆனால் அப்படித்தான் சொல்லப்போகிறேன் என்று முன்கூட்டியே அண்ணாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் முகத்துக்கு முன் சொல்லத் துணிந்ததைத்தான் அவர் முதுகுக்குப் பின்னும் சொல்ல வேண்டும்.

அண்ணாவிடம் போகும்போது அலுவலகத்தில், மற்ற நால்வர் முன்னால் வேண்டாம். வீட்டுக்குப் போய்ப் பிளேன்டீ குடித்துக்கொண்டும் வேண்டாம். வீட்டில் அவர் அண்ணா, நீங்கள் தங்கச்சி. தங்கச்சி கணக்குக் கேட்டால் அது சண்டை. முதல்நாளே "நாளைக்கு ஒரு மணித்தியாலம் வேணும், வேலை விஷயம்" என்று செய்தி அனுப்புங்கள். போய் இப்படித் தொடங்கலாம்: "அண்ணா, இந்த விளையாட்டு நிலைக்க வேணும் எண்டுதான் கதைக்கிறன். ஒண்டும் மாறேல்ல எண்டு என்னால் சொல்ல ஏலாது. மாறுது. மாறுறதை எப்பிடி நியாயமாய் மாத்தலாம் எண்டு ஒரு யோசனை கொண்டுவந்திருக்கிறன்." கதைத்து முடிந்ததும் அன்றிரவே, என்ன கதைத்தோம் என்று நாலு வரி எழுதி அவருக்கு அனுப்புங்கள். ஒரு வருடம் கழித்து யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?

யோசனை என்னவென்றால், உரிமையை வாங்க வேண்டாம், அனுமதியை வாங்குங்கள். கதைக்களம் எழுதியவருடையதாகவே இருக்கும். இந்தப் புத்தகத்திலும் அதன் மறு அச்சுகளிலும் பிடிஎஃபிலும் வெளியிட அவர் பதிப்பகத்துக்கு எழுத்தில் அனுமதி தருவார். பதிலுக்கு ஒரு தொகை, சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டு பிரதி, உள்பக்கத்தில் பெயர். பதிப்பகத்தின் களத்தையும் பாத்திரங்களையும் வைத்து அவர் எழுதுவதால் பதிப்பகத்துக்கும் நியாயமான பயம் உண்டு. நாளைக்கு ஒருவர் அதே உலகத்தை வைத்துப் போட்டிப் புத்தகம் போட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. விசார்ட்ஸ் 2016இல் டிஎம்ஸ் கில்ட் என்ற விற்பனைத்தளம் தொடங்கியபோது, இரசிகர்கள் விசார்ட்ஸின் உலகங்களை வைத்து எழுதி அங்கே விற்கலாம், விலையில் பாதி எழுதியவருக்கு, ஆனால் அந்தப் படைப்பை வேறிடத்தில் விற்க முடியாது என்று வைத்தார்கள். பாதி அதிகமா குறைவா என்று இன்றும் வாக்குவாதம் உண்டு. ஆனால் பேரம் வெளிச்சத்தில் நடக்கிறது. "இனி எழுதப்போவதெல்லாம்" என்ற வரியை மட்டும் எப்படியும் எடுக்கச் சொல்லுங்கள். பிறக்காத பிள்ளைக்குச் சாதகம் எழுதி அடகு வைக்கிற வரி அது.

மற்ற நாலு பேரோடும் கதைத்தீர்களா? கடிதத்தில் அவர்கள் நிழலாகவே நிற்கிறார்கள். சம்பளமும் சேமலாப நிதியும் அவர்களுக்கும் உள்ள பிரச்சினை, நீங்கள் தனியாகத் தூக்க வேண்டியதில்லை. இலங்கையில் தொழிற்சங்கம் பதிய ஏழு பேர் வேண்டும், நீங்கள் ஐந்து பேர், ஆகவே அந்தக் கதை இப்போதைக்கு இல்லை. ஆனால் ஐந்து பேரும் கையெழுத்திட்ட ஒரு கடிதத்துக்குச் சட்டம் தேவையில்லை. அமெரிக்காவில் பாத்ஃபைண்டர் விளையாட்டை வெளியிடும் பைசோ கொம்பனியின் ஊழியர்கள் 2021 ஒக்டோபரில் சங்கம் அமைத்தபோது, அவர்களுக்காக வெளியே இருந்து எழுதுகிறவர்கள் பலர் புது வேலையைத் தொடாமல் நிறுத்தி நின்றார்கள். சில நாட்களில் நிர்வாகம் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. இரசிகர்களும் ஊழியர் பக்கம் நின்றார்கள். உங்கள் கூட்டாளிகள் உங்களைக் கொம்பனி ஆள் என்று ஏசுவதை யோசிக்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. அவர்களுக்கு உங்கள் சம்பளம் பாதியாக வருவது தெரியுமா? படிவம் கம்பனி இரகசியம். உங்கள் சம்பளம் உங்கள் விஷயம், சொல்லலாம்.

வேலையை விடுவது பற்றி. இப்போது விட வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கதைத்துப் பார்க்காமல் விட்டால் நான் அந்தச் சஞ்சிகையில் செய்ததையே செய்கிறீர்கள், அதற்கு முப்பது வருடக் கோபம் வட்டி. கதைத்து, இரண்டு மாதம் பாருங்கள். நிலுவைச் சம்பளத்துக்குத் திகதி வரவில்லை, கடிதம் வரவில்லை, பொய்யை நீங்களே சொல்ல வேண்டும் என்று நிற்கிறார் என்றால் விடுங்கள், விட்டபின் சேமலாப நிதிக்குத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடும் கொடுங்கள். விருப்பமான தொழில் என்பதால் யாரும் உங்களைக் காப்பாற்றப் போவதில்லை. 2023 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ 1,100 பேரை நிறுத்துவதாக அறிவித்தபோது, அந்த விளையாட்டோடேயே வளர்ந்தவர்களும் அதில் போனார்கள்.

ஆனால் "பழையபடி இரசிகையாக" என்று எழுதியிருக்கிறீர்களே, அது நடக்காது பிள்ளை. சமையலறைக்குள் ஒரு தரம் போனவருக்கு அன்னதானச் சோறு பழைய ருசி தராது. அது ருசியில்லாமல் போவதில்லை, வேறு ருசி. கொஞ்சக் காலம் வேறொருவர் நடத்தும் மேசையில், வேறொரு கொம்பனியின் விளையாட்டில், வெறும் ஆட்டக்காரியாக இருந்து பாருங்கள். விதி கேட்டு யாரும் உங்களைத் தட்டாத மேசை. மாதத்தில் ஒரு ஞாயிறு போதும். இது சட்ட ஆலோசனை இல்லை, எங்கள் வீட்டுப் பெடியனின் ஆலோசனை. ஆனால் அவன் சொல்வதில் இதுவரை பிழை காணவில்லை.

இரவுச் செய்திகளுக்கு ஒரு கெட்டித்தனம் வேண்டாம், ஒரு மணி வேண்டும். எட்டு மணிக்கு மேல் பதில் இல்லை என்று நீங்களே அறிவியுங்கள், அண்ணாவின் பெயரில் அல்ல. முதல் கிழமை முறைப்பாடு சொல்வார்கள். பிறகு யாராவது ஒரு பெடியன் விதிப்புத்தகத்தைத் திறந்து மற்றவனுக்குப் பதில் சொல்லுவான். அடுத்த கேம் மாஸ்டர் அப்படித்தான் வருவார்.

அண்ணா உங்கள் யோசனையை ஏற்றுக்கொண்டால் புதுப் படிவத்தை யாராவது எழுத வேண்டும். உங்கள் நியமனக் கடிதமும் அதே கிழமையில் வரக்கூடும், ஒரேயடியாக எல்லாம் முடித்துவிடலாம் என்று மேசையில் நீட்டுவார்கள். இரண்டையும் கையெழுத்துக்கு முன் எனக்கு அனுப்புங்கள், காசு வேண்டாம். கையெழுத்துக்குப் பின் அனுப்பினால் நான் வாசித்துக் கவலைப்படத்தான் முடியும்.